கூட உட்கார்ந்து படம் பார்க்க ஒருவர்

1960களின் நடுவில் ஒரு நாள். டெல்லிக்கு அருகே, இன்றைய ஹரியானாவின் கிராமம் ஒன்றில், இருபது வயதைத் தாண்டிய இளைஞர் ஒருவர் கேமராவோடு ஒரு கழுதைக்குட்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். கிட்டே போனால் குட்டி ஓடும். இவர் துரத்துவார். ஊர்ச் சிறுவர்களுக்கு நல்ல வேடிக்கை. கடைசியில் குட்டிக்கு அலுத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது. வெயில் தணிந்திருந்த நேரம். இளைஞர் படம் எடுத்தார்.

சிவில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, அந்த வேலையில் மனம் ஒட்டாமல், டெல்லியில் அண்ணன் வீட்டில் வந்து தங்கியிருந்தவர் அவர். அண்ணன் எஸ். பால் அப்போதே பெயரெடுத்த பத்திரிகைப் புகைப்படக்காரர். சுருளைக் கழுவிப் பார்த்தபோது அண்ணனின் கண் அந்தக் கழுதைக்குட்டியில் நின்றுவிட்டது. பிரின்ட் போட்டு, லண்டனில் இருந்த ‘தி டைம்ஸ்’ பத்திரிகைக்கு அனுப்பினார். அரைப் பக்க அளவில், எடுத்தவர் பெயரோடு படம் அச்சாகி வந்தது. அந்தப் பெயர் ரகு ராய். 1966ல் அவர் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் சேர்ந்தார். 1971ல் பாரிஸில் நடந்த அவருடைய கண்காட்சியைப் பார்த்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், 1977ல் அவர் பெயரை மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் அமைப்புக்கு முன்மொழிந்தார். 1984ல் போபால் விஷவாயுவுக்குப் பலியான குழந்தையைப் புதைக்கும்போது அவர் எடுத்த படத்தை, பார்த்த யாரும் மறந்திருக்க முடியாது.

கழுதைக்குட்டி கதையை ரகு ராய் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் கழுதையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த அண்ணன்தான் முக்கியமாகப் படுகிறார். தம்பி அன்றுதான் கேமராவைத் தொட்டுப் பழகிக்கொண்டிருந்தார். தான் எடுத்ததில் எது படம், எது வெறும் பதிவு என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அண்ணனுக்குத் தெரிந்தது. தெரிந்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல், தம்பியின் பெயரை எழுதி, கடல் கடந்து அனுப்பிவைத்தார். புகைப்படத் துறையில் ஒரு வழிகாட்டி செய்யக்கூடிய வேலை ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரு செயலுக்குள் இருக்கிறது.

கேமராவை இயக்கக் கற்றுக்கொள்ள இன்று ஆள் தேவையில்லை. அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐ.எஸ்.ஓ. மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் யூடியூபில் தமிழிலேயே படித்துவிடலாம். எந்தக் கல்யாணத்துக்கு எந்த லென்ஸ், மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தை எப்படிச் சரிக்கட்டுவது, லைட்ரூம் மென்பொருளில் நிறத்தை எப்படிக் கொண்டுவருவது, எல்லாம் இலவசம். இது பெரிய நன்மை. டெவலப்பர் ரசாயனம் கலக்கும் அளவைக்கூடச் சொல்லித்தராமல் பொத்திவைத்த ஸ்டுடியோ முதலாளிகள் இருந்த நாடு இது. அறிவு பொதுவில் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வீடியோக்களில் ஒன்றுகூட உங்கள் படத்தைப் பார்த்ததில்லை.

உங்கள் படத்தைப் பார்ப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் கிட்டப்போய்ச் சொல்ல வேண்டும்.

36 படங்கள், ஒரு சிவப்புப் பென்சில்

ஃபிலிம் காலத்தில் காண்டாக்ட் ஷீட் என்று ஒன்று இருந்தது. 35 மி.மீ. சுருளில் 36 படங்கள். கழுவிக் காயவைத்த நெகட்டிவை ஆறு ஆறாக வெட்டி, இருட்டறையில் ப்ரோமைடு தாளின் மேல் வரிசையாகப் பரப்பி, மேலே கண்ணாடி வைத்து அழுத்தி, சில நொடிகள் வெளிச்சம் காட்டுவார்கள். தாளை டெவலப்பரில் போட்டு எடுத்தால் 36 படங்களும் நெகட்டிவ் அளவிலேயே பதிந்திருக்கும். ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. அதை மேசையில் வைத்து, சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து, தேறியதற்குச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார்கள். வட்டம் விழுந்த படம் பெரிதாகும். மற்றவை கோப்புக்குள் போய்விடும்.

பத்திரிகை அலுவலகங்களில் பென்சில் பெரும்பாலும் மூத்தவர் கையில் இருக்கும். எடுத்தவர் பக்கத்தில் நிற்பார். அப்படி நிற்கிற நேரத்தில்தான் படிப்பு நடந்தது. தனியாக ஒரு படத்தைப் பார்த்தால் எடுத்தவரைப் பற்றி அதிகம் தெரியாது; அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். காண்டாக்ட் ஷீட்டில் ஆள் முழுசாகத் தெரிந்துவிடுவார். முதல் ஐந்து படங்கள் தூரத்திலிருந்து எடுத்தவை. ஆறாவதில் நாலு அடி முன்னால் வந்திருக்கிறார். ஏழாவதில் பெரியவரின் முகம் நன்றாகக் கிடைத்திருக்கிறது. எட்டாவதிலிருந்து வேறு தெரு. மூத்தவர் ஏழாவதைப் பாராட்டிக்கொண்டிருக்க மாட்டார். ‘‘முகம் கிடைச்சதும் ஏன் நகர்ந்த? இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னிருந்தா அவர் உன்னை மறந்திருப்பாரே’’ என்பார். அந்தக் கேள்வி மண்டைக்குள் இறங்கிவிட்டால், அடுத்த முறை கால் தானாக நிற்கும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இதை எழுதிவைக்க முடியாது, ஏனென்றால் இது அந்த ஒருவருடைய குறை. அடுத்தவர் வேண்டுமளவு நின்றிருப்பார், ஆனால் ஒவ்வொரு படத்தையும் கண் மட்டத்திலேயே எடுத்திருப்பார். மூன்றாமவர் கூட்டத்தின் ஓரத்தைப் பார்க்கவே மாட்டார். ஒவ்வொருவருக்கும் மருந்து வேறு.

இப்போது என்ன நடக்கிறது? எடுத்த இடத்திலேயே திரையைப் பார்த்து, பிடிக்காததை அழித்துவிடுகிறோம். ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்து, கண் மூடியது, ஃபோகஸ் போனது, ஒரே மாதிரி இருப்பது எல்லாவற்றையும் மென்பொருளிடம் கொடுத்தால் அதுவே பொறுக்கிக் கொடுத்துவிடுகிறது. மிஞ்சியதில் ஆகச் சிறந்த ஒன்று இன்ஸ்டாகிராமுக்குப் போகிறது. நூறு பேர் இதயம் போடுகிறார்கள். ஏன் நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை; எது தப்பியது என்று சொல்ல யாருக்கும் வழியே இல்லை, தப்பியதை யாரும் பார்க்கவில்லை. மென்பொருளைக் குறை சொல்லவில்லை. கண் மூடிய படத்தைத் தள்ளுவது அதன் வேலை, அதைச் செய்கிறது. ஆனால் அண்ணன் பால் கழுதைக்குட்டியை எடுத்து வெளியே வைத்த வேலை வேறு.

அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. விவியன் மேயர், 1926ல் நியூயார்க்கில் பிறந்தவர். சிகாகோவில் பல ஆண்டுகள் வீடுகளில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். கழுத்தில் எப்போதும் ரோலிஃப்ளெக்ஸ் கேமரா தொங்கும். வாடகை பாக்கியால் அவருடைய பெட்டிகள் 2007ல் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்கள் திறந்து பார்த்தால், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். நூற்றுக்கணக்கான சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. 20ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த தெருப் புகைப்படக்காரர்களில் ஒருவராக இன்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அந்தக் கொண்டாட்டம் தொடங்கும் முன்பே, 2009ல், அவர் இறந்துவிட்டார்.

வழிகாட்டி இல்லாமலேயே மேயரால் இவ்வளவு எடுக்க முடிந்ததே என்று சிலர் கேட்பார்கள். முடிந்தது. திறமைக்கு வழிகாட்டி தேவையில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் இன்று பார்க்கும் மேயரின் கண்காட்சிகளும் புத்தகங்களும் அவர் இறந்தபின் வேறு யாரோ பொறுக்கியவை. அவர் எதைத் தன் படம் என்று நினைத்தார், எதைத் தள்ளியிருப்பார் என்று கேட்க ஆள் இல்லை. அவர் வாழ்ந்த காலத்தில் அருகே உட்கார்ந்து, இது உன்னுடையது, இது இல்லை என்று பேச ஒருவர் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது.

அதே நாட்டில் அவருடைய சமகாலத்தவர் டயான் ஆர்பஸுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். ஆர்பஸ் தன் கணவரோடு சேர்ந்து ஃபேஷன் படங்கள் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர். 1950களின் நடுவில் லிசெட் மாடல் என்ற ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். மாடல் அவருக்குப் புதிய உத்தி எதையும் கொடுக்கவில்லை. எங்கே எடுக்கப் பயப்படுகிறாயோ அங்கே போ என்றார். ஒரு மனிதரை எவ்வளவு குறிப்பாக, அவருக்கே உரிய விவரங்களோடு எடுக்கிறாயோ, அவ்வளவுக்கு அந்தப் படம் எல்லோருக்குமானதாகும் என்பது மாடலின் பாடம். 1956ல் ஆர்பஸ் ஒரு சுருளுக்கு ‘1’ என்று எண் போட்டு, அதிலிருந்து தன் நெகட்டிவ்களை வரிசையாக எண்ணத் தொடங்கினார். அதற்கு முன் எடுத்தவை ஏராளம். அவற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஸ்டுடியோவும் ஹைப்போவும்

நம் ஊரில் வழிகாட்டுதல் என்ற பேச்செல்லாம் இல்லாமலே ஒரு குருகுலம் நடந்தது. கடைத்தெரு ஸ்டுடியோக்கள்தான் அந்தக் குருகுலம். ஐம்பது வயதைத் தாண்டிய எந்த ஊர் புகைப்படக்காரரையும் கேட்டுப் பாருங்கள், கதை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டதும் யாரோ தெரிந்தவர் கொண்டுவந்து விடுவார். முதலில் கடையைக் கூட்ட வேண்டும். பிறகு இருட்டறையில் தண்ணீர் மாற்றுவது, படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ ரசாயனத்தைக் கலக்குவது, பிரின்ட்டுகளை ஓடும் தண்ணீரில் அலசுவது. விரல் நுனி மஞ்சளாகும். வீட்டில் சாப்பிடும்போதும் அந்த வாசனை போகாது. பிறகு பாஸ்போர்ட் படங்களைக் கட்டரில் ஓரம் வெட்டுவது. பிறகு ரீடச். சாய்வான மேசைக்குக் கீழிருந்து வெளிச்சம் வர, ஊசி போலச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் அம்மைத் தழும்பையும் பருவையும் புள்ளி புள்ளியாக நிரவ வேண்டும்.

இதையெல்லாம் வெறும் எடுபிடி வேலை என்று நினைப்பவர்கள் ரீடச் மேசையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. மாதக்கணக்கில் அந்நிய முகங்களைத் தலைகீழ் வெளிச்சத்தில், கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் பார்த்துக்கொண்டே இருக்கும் பையனுக்கு, முகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது, மூக்கு நிழல் எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் அந்த முகம் எடுக்கும் என்பதெல்லாம் கைக்குள் ஏறிவிடும். அப்புறம்தான் கேமராவைத் தருவார்கள். முதலில் காதுகுத்து, புதுமனை புகுவிழா. கல்யாணத்துக்கு லைட் பிடிக்க மட்டும் கூட்டிப்போவார்கள். லைட் பிடித்துக்கொண்டு நிற்பவன் கண்முன்னே, தாலி கட்டும் அந்த நொடிக்கு மூத்த புகைப்படக்காரர் எப்போது தயாராகிறார், நாதஸ்வரக்காரர் கையெடுப்பதையும் கெட்டிமேளத்தையும் எப்படிக் கணக்கு வைக்கிறார், கூட்டம் மறைக்கும் முன் எந்த மூலையைப் பிடிக்கிறார் என்பது ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நடக்கும். சொல்லிக்கொடுப்பது என்று எதுவும் இருக்காது. பெரும்பாலும் திட்டுத்தான் விழும். ஆனாலும் தொழில் ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு மாறிவிடும்.

டிஜிட்டல் வந்ததும் இருட்டறை மூடப்பட்டது. அதோடு இந்தப் படிப்பின் முதல் நான்கு வகுப்புகளும் போய்விட்டன. இப்போது பையன் முதல் நாளே கேமரா பிடிக்கிறான். வேகமாகப் படம் எடுக்கிறான். எடுத்ததை மெமரி கார்டோடு கொடுத்துவிட்டுப் போகிறான். வேறு யாரோ எடிட் செய்கிறார்கள். தன் படத்தில் எது ஆல்பத்துக்குப் போனது, எது போகவில்லை, ஏன் என்று அவனுக்குத் தெரிவதில்லை.

அந்தப் பழைய முறையைப் பொற்காலமாக நான் காட்ட மாட்டேன். சம்பளம் என்று ஒன்று ஒழுங்காக இருக்காது. பெண்களுக்கு அந்தக் கதவு அநேகமாகத் திறக்கவே இல்லை. பையன் எடுத்த படத்துக்கும் ஸ்டுடியோவின் முத்திரைதான் விழும். இந்தப் பெயர் விஷயம் மிகப் பழைய புண். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1913ல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். பின்னாளில் அவர் கணவரான மானெக்ஷாவிடம்தான் கேமரா கற்றார். ஹோமாய் பம்பாயில் எடுத்த ஆரம்பகாலப் படங்கள் மானெக்ஷாவின் பெயரில்தான் அச்சாகின. ஒரு பெண்ணின் பெயரைப் போட்டால் எடுபடாது என்ற காலம் அது. பிறகு ‘டால்டா 13’ என்ற புனைபெயரிலும் அவர் படங்கள் வந்தன. நாடு அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தபோது 2011 ஆகிவிட்டது. அவர் கேமராவைக் கீழே வைத்து நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. கற்றுக்கொடுத்தவரின் அன்பு உண்மையாக இருந்தாலும்கூட, பெயர் போய்ச் சேர இவ்வளவு காலம் பிடிக்கும். அன்பும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெயரை எப்படிக் கைமாற்றுவது என்பதற்குத் தமிழ் சினிமாவில் அழகான உதாரணம் உண்டு. கே.வி. ஆனந்த் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்து ‘தேவர் மகன்’, ‘திருடா திருடா’ போன்ற படங்களில் வேலை செய்தார். இயக்குநர் பிரியதர்ஷன் தன் மலையாளப் படத்துக்கு ஸ்ரீராமை அணுகியபோது, தான் வர முடியாத நிலையில் ஸ்ரீராம் ஆனந்தின் பெயரைச் சொன்னார். அதுதான் 1994ல் வந்த ‘தேன்மாவின் கொம்பத்து’. தனியாகச் செய்த முதல் படத்திலேயே ஆனந்துக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. பல ஆண்டுப் பயிற்சி ஒரு பக்கம் இருக்கட்டும். சரியான நேரத்தில் ‘இவனைக் கூப்பிடுங்கள், நான் பொறுப்பு’ என்று ஒரு மூத்தவர் சொல்லும் வார்த்தைக்கு விலையே கிடையாது. சொந்த ஊரில் யாரையும் தெரியாத, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தயங்கும், அப்பா அம்மா இந்தத் துறையின் பக்கமே வந்திராத பிள்ளைக்கு அந்த வார்த்தை ஒன்றே கதவு.

தபேலாக்காரர் கற்றுக்கொடுத்த புகைப்படம்

வழிகாட்டி புகைப்படக்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1980களின் தொடக்கத்தில், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்த தயானிதா சிங், வகுப்பு வேலைக்காகத் தபேலாக் கலைஞர் ஜாகிர் உசேனின் கச்சேரியைப் படமெடுக்கப் போனார். அமைப்பாளர் ஒருவர் தடுத்துத் தள்ள, கீழே விழுந்தார். அவமானமும் கோபமுமாக, இன்று நான் மாணவி, ஒரு நாள் பெரிய புகைப்படக் கலைஞர் ஆவேன், அப்போது பார்ப்போம் என்ற பொருளில் ஜாகிரிடமே சொல்லிவிட்டார். ஜாகிர் அவரைத் தன்னோடு படமெடுக்க அழைத்தார். அடுத்த ஆறு குளிர்காலங்கள் தயானிதா இசைக்கலைஞர்களின் பயணங்களில் கூடவே போனார். 1986ல் ‘ஜாகிர் உசேன்’ என்ற அவருடைய முதல் புத்தகம் வந்தது.

என் முதல் குரு ஜாகிர்தான் என்று தயானிதா இன்றும் சொல்கிறார். ஜாகிர் லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டியதில்லை. சாதகம் என்றால் என்ன, மேடைக்கு வெளியே உள்ள இருபத்து இரண்டு மணி நேரத்தை ஒரு கலைஞர் என்ன செய்கிறார், தந்தையாகவும் குருவாகவும் இருந்த அல்லா ரக்காவின் முன் மகன் எப்படி உட்கார்கிறார், ஒன்றைப் பிடித்தால் அதில் எவ்வளவு காலம் ஊன்றி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு இளம்பெண் பக்கத்திலிருந்து பார்த்தார். பின்னாளில் டெல்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து படமெடுத்து, 2001ல் புத்தகமாக்கினாரே, அந்தப் பொறுமை அவருக்கு இங்கிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன். ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் காலமானார்.

காட்டுயிர்ப் படங்களில் இந்தப் பொறுமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, எடுக்காமல் விடுவது. பெங்களூரில் வாழ்ந்து 2017ல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள், ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்தவரிடம் கற்றவர். பிறகு தானே பலருக்கு ஆசானானார். கூட்டில் இருக்கும் பறவையைப் படமெடுப்பதைப் பல போட்டிகள் இன்று ஏற்பதில்லை. ஆனால் விதிப்புத்தகத்தைக் காட்டில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தாய்ப்பறவை எந்தக் குரலில் கத்தினால் நாம் பின்வாங்க வேண்டும் என்பதைத் தோளைத் தொட்டுச் சொல்ல ஒருவர் கூட வேண்டும்.

தனி மனிதர்களின் நல்ல மனதை நம்பியே இது நடந்தால் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இந்தக் கேள்விக்கு டாக்காவில் ஒரு பதில் உருவானது. வங்கதேசப் புகைப்படக் கலைஞர் ஷாஹிதுல் ஆலம் 1989ல் ‘த்ரிக்’ என்ற படக் காப்பகத்தையும், 1998ல் ‘பாட்சாலா’ என்ற புகைப்படப் பள்ளியையும் தொடங்கினார். வங்கதேசம் என்றாலே வெள்ளமும் பசியும் என்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போன காலத்தில், உள்ளூர்ப் பிள்ளைகளே தங்கள் நாட்டைச் சொல்ல வேண்டும் என்று நடத்தப்பட்ட பள்ளி அது. 2013 ஏப்ரலில், ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். இடிபாட்டில் ஒருவரை ஒருவர் அணைத்தபடி இறந்துகிடந்த இருவரின் படம் உலகத்தை உலுக்கியது. அதை எடுத்த தஸ்லிமா அக்தர் பாட்சாலாவில் படித்தவர். அவர் ஒரே நாள் வந்து போன செய்தியாளர் இல்லை. ஆடைத் தொழிலாளர்களோடு அதற்கு முன்பும் பின்பும் நின்றவர். 2018ல் மாணவர் போராட்டத்தைப் பற்றிப் பேசியதற்காக ஆலம் கைது செய்யப்பட்டு 100 நாள்களுக்கு மேல் சிறையில் இருந்தார். ஓர் ஆசிரியர் தன் மாணவர்களுக்கு நடத்தக்கூடிய பாடங்களில் அதுவும் ஒன்று.

எச்சரிக்கையும் வேண்டும். நம் நகரங்களில் பெரிய பெயர்களின் இரண்டு நாள் பட்டறைகள் ஏராளமாக நடக்கின்றன. கட்டணம் கட்டி, குழுப்படம் எடுத்து, சான்றிதழோடு வீடு திரும்பலாம். அதில் தவறில்லை, ஆனால் இரண்டு நாளில் யாரும் உங்கள் 500 படங்களைப் பார்க்க மாட்டார்கள். தன் பாணியையே மாணவர்களிடம் எதிர்பார்க்கும் ஆசிரியர் இன்னொரு ஆபத்து. அவரிடம் ஐந்து வருடம் இருந்தவர்கள் எடுத்ததில் யாருடையது எது என்று பிரித்தறிய முடியாது. எல்லாவற்றிலும் மோசமானது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. தனியாக வா, படம் பார்க்கலாம் என்ற அழைப்புக்குப் பின்னால் வேறு நோக்கம் இருந்ததைப் பல பெண்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். படம் பார்ப்பதைப் பகலில், நாலு பேர் இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ள எந்த நேர்மையான மூத்தவருக்கும் தடை இருக்காது. நல்ல வழிகாட்டியை அடையாளம் காண என்னிடம் ஓர் எளிய வழி இருக்கிறது: அவருடைய பழைய உதவியாளர்கள் இப்போது எங்கே, யார் பெயரில் வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

மதுரையிலிருந்து வட சென்னைக்கு

2022ல் தயானிதா சிங்குக்கு புகைப்படக் கலைக்கான உலகப் புகழ்பெற்ற ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. அதே ஆண்டு, பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ என்ற ஊரக இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்து, ஆவணப் புகைப்படத்துக்கு 2 லட்சம் ரூபாய் விருது ஒன்றை அவர் ஏற்படுத்தினார். முதல் விருதைப் பெற்றவர் மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனி குமார்.

பழனியின் அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். அந்த அம்மாவின் உழைப்பைத்தான் மகன் முதலில் எடுத்தார். கையால் மலமள்ளும் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கி 2017ல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு அவர்தான். ராமநாதபுரம் கடலோரத்தில் பாசி எடுக்க மூச்சடக்கி மூழ்கும் பெண்கள், உப்பளத் தொழிலாளர்கள், சாக்கடைக் குழியில் கணவரைப் பறிகொடுத்த மனைவிகள் என்று அவர் படங்கள் போகும் இடமெல்லாம் உழைக்கும் மக்களின் வீடுகள். அவர் படங்களில் அந்த மக்கள் பரிதாபமாக நிற்பதில்லை. அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். எடுத்தவர் வெளியாள் இல்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் பழனி இன்னொரு வேலையும் செய்கிறார். வட சென்னைக் குடியிருப்புகளின் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். அந்தப் பிள்ளைகள் எடுத்த படங்கள் அவர்கள் பெயரிலேயே காட்சிக்கு வந்திருக்கின்றன. வட சென்னை என்றால் ரவுடி, கத்தி என்று சினிமா காட்டிய சித்திரத்துக்கு நடுவே, அந்தத் தெருவில் வளர்ந்த ஒரு பெண் தன் அம்மா வேலை முடித்து வருவதை எடுக்கும்போது, சென்னையைப் பற்றி நமக்கு இதுவரை கிடைக்காத ஒரு தகவல் கிடைக்கிறது. வேறு யார் போய் எடுத்தாலும் அந்த அம்மா அப்படி நின்றிருக்க மாட்டார்.

இதற்குப் பெரிய கட்டடமோ அரசாணையோ தேவைப்படவில்லை. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் எத்தனையோ கல்லூரி மாணவர்களைக் கேமராவோடு களத்துக்கு அனுப்பியிருக்கிறது. 2016ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே, படங்களை ரயில் நிலையங்களுக்கும் பூங்காக்களுக்கும் கொண்டுவந்தது. ஆனால் இவை பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே நிற்கின்றன. திருவாரூரிலும் தேனியிலும் இருக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் எட்டக்கூடிய தூரத்தில் இருப்பவர் அந்த ஊரின் ஸ்டுடியோக்காரர்தான்.

அவரிடம் கேட்க எனக்கு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. லைட் பிடிக்கும் பையன் எடுத்த படம் ஆல்பத்துக்குள் போனால், ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் உங்கள் ஸ்டுடியோ பெயருக்குக் கீழே அவன் பெயரும் இருக்கட்டும். உங்கள் உதவியாளர்களிடம் எதையும் அழிக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்; நல்ல இருபதை வேண்டாம், முழு கார்டையும் கேளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கடை சும்மாதான் இருக்கிறது. வாரத்தில் ஒரு சாயங்காலம், பெரிய திரையில் அந்த கார்டைப் போட்டு, ஷட்டரைத் திறந்துவைத்து, ஊரில் கேமரா வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று ஒரு போர்டு எழுதி வையுங்கள். டீச் செலவு மட்டும்தான் ஆகும். வருகிற ஆடியிலேயே தொடங்கலாம்.